நெல்லிக்கனியும் நெஞ்சக் குழாயும்

எங்கள் கொல்லையில் நிற்கும் நெல்லிமரத்துக்கு 40 வயதுக்கு மேல் ஆகிறது. குடமுருட்டியில் தண்ணீர் குறைந்த ஆண்டுகளிலும், மார்கழி, தை மாதங்களில் காய்த்துக் குலுங்க அது தவறியதில்லை. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதையைக் கேட்டு வளர்ந்த நாங்கள் இருவரும், நோய் எதுவானாலும் முதலில் அந்த மரத்தடியில் மருந்து தேடும் வழக்கம் உடையவர்கள். அந்த வழக்கத்தை எங்கள் பேரனின் நோய் சோதித்துப் பார்த்தது. நாங்கள் கற்றுக்கொண்டதைப் பிற தாத்தா பாட்டிகளும் அறியவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

திருவையாற்றுக்கு அருகேயுள்ள எங்கள் சிற்றூரில் சம்பா அறுவடை தொடங்கிய வேளை அது. மூன்று வயதுப் பேரனுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் உடலெங்கும் சிவந்த தடிப்புகள் தோன்றின. கண்கள் சிவந்தன, ஆனால் பூளை தள்ளவில்லை. உதடுகள் வெடித்தன. நாக்கு செக்கச்சிவந்து முள்முள்ளாய்த் தெரிந்தது. "மணல்வாரி அம்மைதான், தானே இறங்கிவிடும்" என்றனர் அண்டை வீட்டார். நாங்கள் காட்டிய மருத்துவர் ஒவ்வாமை என்று சொல்லி, காய்ச்சல் மருந்து தந்து அனுப்பினார். நாங்களோ வேளைக்கு வேளை நெல்லிச்சாறு பிழிந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆறாம் நாள் கைகால்கள் வீங்கி, பிள்ளை தரையில் கால் ஊன்ற மறுத்தபோதுதான், அறுத்த நெல்லைக் களத்திலேயே விட்டுவிட்டுத் தஞ்சாவூருக்கு விரைந்தோம்.

அங்கே குழந்தை மருத்துவர் அம்மையார் கழுத்தில் இருந்த நெறிக்கட்டியைத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சல் எத்தனை நாள்?" என்று இருமுறை கேட்டார். பிறகு, "இது கவாசாக்கி நோய் போலத் தெரிகிறது, ஐயா" என்றார். பெயரே எங்களுக்குப் புதிது. தோமிசாக்கு கவாசாக்கி என்னும் ஜப்பானியக் குழந்தை மருத்துவர் 1961-இல் இந்நோயுற்ற ஒரு பிள்ளையை முதன்முதலில் கண்டார். 50 பிள்ளைகளின் நிலையைத் தொகுத்து 1967-இல் வெளியிட்டார். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாக்கும் இந்நோயின் மூலகாரணம் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.

அம்மையார் எங்கள் மொழியிலேயே விளக்கினார். "ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிந்து வயலுக்குப் போவதுபோல, இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகும் சிறு குழாய்கள் இருக்கின்றன. இந்நோயில் அவற்றின் சுவர் அழற்சி கண்டு நலிகிறது. கரை நலிந்த இடம் புடைத்துக்கொள்ளும். அங்கே ஓட்டம் மந்தமாகி இரத்தம் உறையலாம். மருத்துவம் செய்யாவிட்டால் நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு இப்படி நேரும். காய்ச்சல் கண்ட 10 நாட்களுக்குள் மருந்து கொடுத்தால் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குக் குறைந்துவிடும்." எக்கோ சோதனையில் பேரனின் குழாய் ஒன்று சற்றே விரிந்திருப்பது தெரிந்தது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சி நின்றோம்.

இம்யூனோகுளோபுலின் என்னும் அம்மருந்தை ஆலைகள் புதிதாய்ப் படைப்பதில்லை. ஆயிரக்கணக்கானோர் அளித்த இரத்தத்தின் ஊனீரிலிருந்து அதைப் பிரித்தெடுக்கிறார்கள். கவாசாக்கி நோய்க்கு அது பயன்படுவதை ஜப்பானிய மருத்துவர்கள் 1984-இல் காட்டினர். எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 கிராம் வீதம், 12 கிலோ எடையுள்ள பேரனுக்கு 24 கிராம், ஓர் இரவு முழுவதும் சொட்டுச்சொட்டாய் இறங்கியது. அந்த ஆண்டின் நெல்லுப் பணம் அதற்கே சரியாயிற்று. விடியலில் காய்ச்சல் தணிந்தது. முன்பின் அறியாத எத்தனையோ பேரின் ஈகை அந்தச் சிற்றுடலில் கலந்திருப்பதை எண்ணி நெகிழ்ந்தோம்.

வீடு திரும்பும் நாளில் பேரனின் பாட்டி மெல்லக் கேட்டார்: "நெல்லிக்காய் கொடுக்கலாமா, அம்மா? இரத்தக்குழாய்க்கு உயிர்ச்சத்து நல்லது என்கிறார்களே?" அம்மையார் சிரிக்கவில்லை. அக்கேள்வியில் உண்மை உண்டு என்றார். அழற்சியின்போது வெள்ளணுக்கள் ஆக்சிஜனிலிருந்து பிறக்கும் கடுமையான வேதிப்பொருள்களை வெளிவிடுகின்றன. குழாயைத் தளர்த்தி விரியச் செய்யும் நைட்ரிக் ஆக்சைடை அவை அழித்துவிடுகின்றன. சி, ஈ ஆகிய உயிர்ச்சத்துகள் அவற்றின் கடுமையைத் தணிக்கவல்லவை. கவாசாக்கி நோயிலிருந்து மீண்ட பிள்ளைகளுக்கு உயிர்ச்சத்து சி-யை இரத்தநாளத்தில் செலுத்தியபோது, கைத்தமனி விரியும் திறன் மேம்பட்டதை 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. குழாய்ச் சுவருக்கு உறுதி தரும் கொலாஜன் உருவாகவும் உயிர்ச்சத்து சி வேண்டும். அது அறவே குறைந்தால் ஈறுகளில் இரத்தம் கசிவது அதனால்தான்.

"ஆனால் ஒன்று" என்று தொடர்ந்தார். "சிறிது நேரம் குழாய் நன்றாக விரிவது வேறு, புடைப்பு வராமல் தடுப்பது வேறு. பின்னதை உயிர்ச்சத்து செய்யும் என்று எவரும் நிறுவவில்லை. பெரியவர்களில் 9,000-க்கும் மேற்பட்டோருக்கு உயிர்ச்சத்து ஈ மாத்திரை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2000-இல் வந்தது; மாரடைப்பு குறையவில்லை. பிள்ளை ஆஸ்பிரின் சாப்பிடுகிறான். ஈ மாத்திரையை மிகுதியாகச் சேர்த்தால் இரத்தக்கசிவுக்கும் இடமாகும். நெல்லி, கொய்யா, முருங்கைக்கீரை எல்லாம் உணவாகக் கொடுங்கள். மருந்தின் இடத்தில் மட்டும் அவற்றை வைக்காதீர்கள்."

அச்சொற்கள் எங்களைச் சுட்டன. ஆறு நாட்கள் நாங்கள் அதைத்தானே செய்திருந்தோம்! சாறு தீங்கு செய்யவில்லை. சாறு கொடுக்கிறோம் என்ற நிறைவில் காலம் கடந்ததே தீங்கு செய்தது.

அதன்பின் சொன்னபடி நடந்தோம். சிறு அளவு ஆஸ்பிரினை ஒருநாளும் தவறவிடவில்லை. குறித்த நாட்களில் எக்கோ எடுத்தோம். அம்மருந்து உடலில் இருக்கும்வரை தட்டம்மைத் தடுப்பூசி சரிவரப் பலன் தராது என்பதால், அதை 11 மாதங்கள் தள்ளிவைத்தோம். அடுத்த அறுவடைக்கு முன்பே குழாய் இயல்பு நிலைக்குத் திரும்பிவிட்டது. இனி அஞ்சவேண்டியதில்லை என்று அம்மையார் சொன்ன மாலையில், பேரன் நெல்லிமரத்தடியில் உதிர்ந்த காயைக் கடித்து, துவர்ப்பில் முகம் சுளித்து, தண்ணீர் குடித்து, இனிக்கிறது என்று துள்ளினான்.

காவிரிக் கரையில் வாழும் நமக்கு இது தெரியாததன்று. கரை கசியத் தொடங்கியதுமே மண்வெட்டி எடுக்கவேண்டும். உடைந்தபின் அழுது பயனில்லை. எருவிட்டு வளர்ப்பது வேறு, உடைப்பை அடைப்பது வேறு; இரண்டும் உழவனின் கடமைகளே. பிள்ளைக்கு ஐந்து நாட்களாகக் காய்ச்சல் நீடித்து, கண்ணும் உதடும் சிவந்து, தடிப்பும் வீக்கமும் கண்டால், வீட்டு மருந்தோடு நின்றுவிடாதீர்கள். குழந்தை மருத்துவரிடம் கொண்டுசென்று, நாட்களை எண்ணிச் சொல்லுங்கள். நெல்லிமரம் காத்திருக்கும், அந்தச் சிறு குழாய்கள் காத்திரா.