வாடகைக் காரும் தாமதமாக வரும் அபராதமும்

வெளிநாட்டுச் சுற்றுலா முடிந்து, போட்டோ எல்லாம் எல்லோருக்கும் காட்டி, போய் வந்ததே பாதி மறந்து போயிருக்கும். அப்போது ஒரு நாள் கிரெடிட் கார்டு பில்லில் புதிதாக ஒரு வரி வரும். வாடகைக் கார் கம்பெனி 45 யூரோ எடுத்திருக்கும். எதற்கு என்று தேடினால் 'நிர்வாகக் கட்டணம்' என்று ஒரு மெயில் கிடைக்கும். ஏதோ அபராதம் போல, கட்டியாகிவிட்டது, தொலையட்டும் என்று பயணி விட்டுவிடுவார்.

ஆனால் அது அபராதமே இல்லை! அபராதம் இனிமேல்தான் வரப்போகிறது.

இதற்கு இத்தாலியை விட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே வேகமாகப் போகிறவர்களைப் பெரும்பாலும் பிடிப்பது சாலையோரம் நிற்கும் கேமராப் பெட்டிதான். விசில் ஊதி வண்டியை ஓரங்கட்டச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் பிடிக்கும். அந்த நம்பர் வாடகைக் கம்பெனியின் பெயரில் இருக்கும். போலீஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்கும். அந்தத் தேதியில் வண்டி யார் கையில் இருந்தது என்று கம்பெனி ஒப்பந்தத்தைப் பார்த்துப் பெயரும் முகவரியும் கொடுக்கும். இந்த ஒரு வேலைக்குத்தான் அந்த 45 யூரோ. கம்பெனிக்குக் கம்பெனி தொகை மாறும், 40, 50 யூரோ என்பது சாதாரணம். ஒரு அபராதத்துக்கு ஒரு கட்டணம் என்பதையும் கவனிக்க வேண்டும். வண்டி எடுக்கும் அவசரத்தில் யாரும் படிக்காமல் கையெழுத்துப் போடும் பக்கங்களில் இதெல்லாம் அச்சாகி இருக்கும்.

அதற்குப் பிறகுதான் அபராத நோட்டீஸ் கிளம்பும். இத்தாலியில் வசிப்பவர்களுக்கு 90 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு 360 நாள் வரை அவகாசம் உண்டு. கிட்டத்தட்ட ஒரு வருஷம்!

தொகை எவ்வளவு? அனுமதித்த வேகத்தை 10 கிலோமீட்டருக்குள் தாண்டினால் 42 யூரோவில் தொடங்கும். 10க்கு மேல் 40 வரை தாண்டினால் 173 யூரோவில் தொடங்கும். கேமரா காட்டும் வேகத்தில் 5 சதவீதம், குறைந்தது 5 கிலோமீட்டர், கழித்துவிட்டுத்தான் கணக்குப் பார்ப்பார்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணிக்குள் என்றால் தொகை மூன்றில் ஒரு பங்கு கூடும்.

இனி, எங்கே மாட்டுகிறார்கள் என்று பார்ப்போம். நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. அங்கே எல்லோரும் கொஞ்சம் உஷாராகத்தான் இருப்பார்கள். சிக்கல் சின்ன ஊர்களில். வயல்வெளிச் சாலையில் 90 வரை போகலாம். அப்படியே போகும்போது வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தில் ஒரு ஊர்ப் பெயர் வரும். புதிதாகப் போகிறவர் அதைப் பார்த்து 'ஓ, இந்த ஊரா' என்று நினைத்துக்கொள்வார். அந்தப் பலகைக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: இங்கிருந்து 50தான். பக்கத்தில் 50 என்று எண் எழுதியிருக்க வேண்டிய அவசியம் இல்லை, ஊர்ப் பெயரே போதும். அதே பெயர் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு வந்தால் ஊர் முடிந்துவிட்டது. உள்ளூர்க்காரர்களுக்கு இது பால பாடம். வெளியூர்க்காரர் எண்ணைத் தேடிக்கொண்டே ஊரைத் தாண்டிவிடுவார்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டஸ்கனியில் ஒரு பண்ணை வீட்டில் ஒரு குடும்பம் ஐந்து நாள் தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலையில் வெளியே போய் மாலையில் திரும்புகிறார்கள். இரண்டு தடவையும் வழியில் ஒரு கிராமம், அங்கே ஒரு கேமரா. கேமரா இரண்டு திசையிலும் படம் எடுக்கும் என்றே வைத்துக்கொள்வோம். வண்டி 62இல் போகிறது. 5 கழித்தால் 57, அதாவது 7 கிலோமீட்டர் அதிகம். ஒரு தடவைக்கு 42 யூரோ. பத்துத் தடவைக்கு 420. கம்பெனிக் கட்டணம் பத்து முறை 45, அதாவது 450. மொத்தம் 870 யூரோ. ஒரு யூரோவைத் தோராயமாக 100 ரூபாய் என்று வைத்தால் 87,000 ரூபாய்! இதில் தபால் செலவு சேரவில்லை. வேடிக்கை என்னவென்றால், அரசாங்கத்துக்குப் போவதை விட கம்பெனிக்குப் போவது அதிகம்.

முதல் நாளே யாராவது நிறுத்திச் சொல்லியிருந்தால்? ஒரே ஒரு அபராதத்தோடு போயிருக்கும். மீதி ஒன்பது தடவையும் அவர் சட்டத்தை மதிக்காமல் போகவில்லை. தான் தப்பு செய்கிறோம் என்றே தெரியாமல் போனார். அபராதம் எதற்கு? அடுத்த தடவை திருந்துவதற்கு. எட்டு மாதம் கழித்து, அந்தச் சாலையில் இனி எப்போதுமே ஓட்டாத ஒருவருக்குப் பத்துக் கடிதம் போனால் அதில் திருந்த என்ன இருக்கிறது? பணம் வசூலாகும், அவ்வளவுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அந்தக் கிராமத்தில் பல வீடுகளின் வாசல் நேராகச் சாலையில்தான் திறக்கும். நடைபாதை இருக்காது. வாசலை விட்டு இறங்கும் பாட்டிக்கு, வருகிற வண்டி வாடகை வண்டியா சொந்த வண்டியா என்பது முக்கியமே இல்லை. மேலும், கேமரா இருப்பதை முன்கூட்டியே பலகை வைத்துச் சொல்ல வேண்டும் என்பதும் இத்தாலியச் சட்டம்தான். இத்தாலிய மொழியில் இருந்தாலும் பலகை இருக்கத்தான் செய்கிறது. ஆக, வேக வரம்பில் குறை சொல்ல முடியாது. குறை எல்லாம் அந்தத் தாமதத்தில்தான்.

இத்தாலிய அரசுக்கும் இது ஓரளவு தெரிந்திருக்கிறது. 2024 டிசம்பரில் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, ஒரே நிர்வாகத்தின் கீழுள்ள ஒரே சாலைப் பகுதியில் ஒரு மணி நேரத்துக்குள் பல தடவை மாட்டினால், இருப்பதிலேயே பெரிய அபராதத்தோடு மூன்றில் ஒரு பங்கு சேர்த்துக் கட்டினால் போதும். நல்ல மாற்றம்தான். ஆனால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாட்டுகிறவருக்கு இதனால் பயனில்லை.

அபராத விதிகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை. துபாயில் பலகையில் இருக்கும் வேகத்துக்கு மேல் 20 கிலோமீட்டர் வரை விட்டுவிடுவார்கள். பக்கத்து அபுதாபியில் 2018 ஆகஸ்டில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். ஒரே நாடு, ஒரே வண்டி, எல்லை தாண்டியதும் கணக்கு வேறு. 'நேற்று இதே வேகத்தில்தான் வந்தேன், ஒன்றும் ஆகவில்லையே' என்று சொல்லிப் பயனில்லை.

அதனால், அபராதம் வந்து திருத்தும் என்று காத்திருக்காமல், கிளம்புவதற்கு முந்தின நாள் அந்த நாட்டுச் சாலைப் பலகைகளை அரை மணி நேரம் படித்துவிடுவது நல்லது. ஒரு அபராதத்துக்குக் கம்பெனி எவ்வளவு எடுக்கும் என்று கவுன்டரிலேயே கேட்டுவிடலாம். ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். தேதியும் நம்பர் பிளேட்டும் சரிதானா என்று பார்க்க அது ஒன்றுதான் ஆதாரம். கம்பெனி பணம் எடுத்துவிட்டால், அபராதம் முடிந்தது என்று நினைக்காமல் கடிதத்தை எதிர்பார்க்க வேண்டும். இத்தாலியக் கடிதம் கைக்கு வந்த 5 நாளுக்குள் கட்டினால் பொதுவாக 30 சதவீதம் தள்ளுபடி, 42 யூரோ 29.40 ஆகிவிடும். 60 நாள் தாண்டினால் அதே 42 யூரோ இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும்.

வெளியூருக்குப் போயிருக்கும் சமயம் கடிதம் வந்தால் வீட்டில் இருப்பவர்கள் ஏதோ விளம்பரம் என்று நினைத்துப் பழைய பேப்பரோடு போட்டுவிடப் போகிறார்கள். அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது!