ஆயாக் கொட்டகை இருந்த இடம்

சிரம்பானிலிருந்து ரந்தாவ் போகும் சாலையை விடிவதற்கு முன் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் பிடிவாதம். "வெயில் வந்த பிறகு போனா அது வேற ஊரு" என்றார். ஒரு சனிக்கிழமை, தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளையும் அப்படியே தூக்கி வண்டியின் பின்னிருக்கையில் கிடத்திக்கொண்டு, காலை நாலரைக்குக் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டோம்.

நெகிரி செம்பிலான் என்றால் நம்மில் பலருக்குப் போர்ட்டிக்சன் கடற்கரைதான். விடுமுறை நாளில் பாயையும் பிரியாணிச் சட்டியையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டிகள், சாலையின் இருபுறமும் நிற்கும் செம்பனையைக் கவனிக்காமலே கடந்துவிடும். நானும் அப்படித்தான் எத்தனையோ முறை போயிருக்கிறேன், அம்மா பிறந்த தோட்டத்தின் வாசலைத் தாண்டியே. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். லாபு, சிலியாவ், லிங்கி, பகாவ், தம்பின் என்று எந்தப் பக்கம் விசாரித்தாலும் இதே கதையைச் சொல்ல ஒரு அம்மா இருப்பார்.

செம்மண் பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் "இங்க நிறுத்து" என்றார். இறங்கிப் பார்த்தேன். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒரு சிமெண்டுத் தரை தெரிந்தது. வெடிப்புகளில் புல். ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியின் பாதிச் சுவர்.

"இதான் ஆயாக் கொட்டகை."

தாமானில் பிறந்து வளர்ந்தவர்களுக்காக ஒரு விளக்கம். தாயும் தகப்பனும் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. கூரையில் வரிசையாக ஏணைகள் தொங்கும். வெட்டுக்காட்டில் ஓடியாடி வேலை செய்ய முடியாத வயதான பெண் ஒருவர் ஆயாவாக இருப்பார். பத்துப் பதினைந்து குழந்தைகள் அவர் பொறுப்பு. அம்மாவும் அவருடைய தம்பி தங்கைகளும் அங்கே கிடந்தவர்கள்தாம். விடியற்காலை இருட்டிலேயே பாட்டி குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பெரட்டுக்கு ஓடுவாராம்.

இவ்வளவு அவசரம் ஏன்? ரப்பர் மரத்துக்கு வெயில் ஆகாது. குளிர்ச்சி இருக்கும்வரைதான் பால் நன்றாக ஓடும். சூரியன் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே ஒரு தோட்டத்துக் குழந்தை எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது தாயைப் பிரிய வேண்டும், எத்தனை மணிவரை பசி தாங்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்தது மரம். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கப்பட்டது நினைவிருக்கிறதா? மரத்துக்கு அது தெரியாது. "கவர்மெண்டு அரை மணிய எடுத்துக்கிச்சு, எங்க ஸ்கூல் பிள்ளைங்கதான் இருட்டுல நடந்துச்சுங்க" என்று அம்மா இன்றும் குறைபடுவார்.

ஒன்பது வயதில், அதாவது 1971-இல், அம்மாவின் காலை இப்படிப் போனது: எழுந்ததும் அடுப்பு மூட்டுவது. இரண்டு தம்பிகளுக்கும் வரக்கோப்பியும் ஆளுக்கு இரண்டு பிஸ்கட்டும் கொடுப்பது. சின்னவனுக்கு மூக்கைச் சிந்திவிட்டுப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போவது. பள்ளி விட்டதும் ஓடிவந்து, கொட்டகையிலிருந்து தங்கையைத் தூக்கிக்கொண்டு, பாட்டி பால் ஸ்டோரிலிருந்து திரும்புவதற்குள் சோறு வடித்து வைப்பது. பொறுப்பான பிள்ளை என்று லயத்தில் எல்லோரும் மெச்சினார்களாம். அந்தப் பாராட்டை நினைத்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் கோபம் வரும். ஒன்பது வயதுச் சிறுமிக்கு எதற்கு அவ்வளவு பொறுப்பு?

வீட்டில் வறுமை இருந்தது. அது கூலி குறைவு என்பதோடு நிற்கவில்லை. நாள் கூலி, அதுவும் மழை பெய்யாத நாளில். காலையில் மழை பிடித்துக்கொண்டால் பட்டை நனைந்துவிடும், வெட்ட முடியாது, அன்றைக்குக் காசு இல்லை. மழைக்காலத்தில் தோட்டத்துக் கடையில் கடன் ஏறும். சம்பள நாளில் அது கழியும். மிச்சத்தில் ஒரு பங்கு கள்ளுக்கடைக்குப் போகும். தாத்தா நல்லவர்தான், சம்பள நாளைத் தவிர என்று பாட்டி சொல்வார். குழந்தைகளுக்குச் சம்பள நாள் என்றால் மிட்டாயும் பயமும் சேர்ந்து வருகிற நாள்.

தாய் காட்டில் இருக்கும்போது கைக்குழந்தைக்கு எதைக் கொடுப்பது? டின் பால். சர்க்கரை போட்டுக் கெட்டியாக்கிய பாலைச் சுடுதண்ணீரில் கரைத்துப் புட்டியில் ஊற்றினால் குழந்தை அழாது. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-இலேயே சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் இதைப்பற்றிப் பேசினார். அந்தப் பேச்சுக்கு அவர் வைத்த தலைப்பு 'பாலும் கொலையும்'. குழந்தைகளுக்குச் சத்தில்லாத அந்த இனிப்புப் பாலை விளம்பரம் செய்து விற்பதைக் கொலைக்குச் சமமாகவே அவர் வைத்துப் பேசினார். மலாயாவில் வேலை பார்த்த மருத்துவர் சொன்னது மலாயாவின் லயங்களுக்கு வந்து சேரவில்லை. முப்பது ஆண்டு கழித்தும் என் சின்னம்மா டின் பாலில்தான் வளர்ந்தார்.

இவ்வளவையும் சொல்லும்போது அம்மாவின் குரல் மாறவில்லை. பெரிய மாமாவின் பேச்சு வந்தபோதுதான் மாறியது.

தோட்டத்து வீடு தோட்டத்துடையது. வேலை இருக்கிறவரைதான் கூரை. 1972-இல் தாத்தாவுக்கு நெஞ்சுக்கூடு தேய்ந்து படுத்த படுக்கையானார். பாட்டி ஒருவர் பெயர் மட்டும் செக்ரோலில் இருந்தது. ஒரு மாலை மண்டோர் வந்து, வீட்டில் இத்தனை பேர் இருக்கிறீர்கள், இன்னொரு ஆள் வேலைக்குப் பெயர் கொடுக்காவிட்டால் வீட்டை மாற்ற வேண்டியிருக்கும் என்றாராம். மிரட்டலாகச் சொல்லவில்லை; நல்லதுக்குத்தான் சொன்னார் என்கிறார் அம்மா. பெரிய மாமாவுக்கு அப்போது பதினைந்து வயது. தமிழ்ப்பள்ளி முடித்து, புகுமுக வகுப்பில் ஓர் ஆண்டு மலாய்மொழியோடு போராடிக் கடந்து, படிவம் இரண்டு போய்க்கொண்டிருந்தவர். கணக்கில் கெட்டிக்காரர். மறுவாரம் காண்டா வாளியைத் தூக்கினார். அவர் படிப்பைக் கொடுத்து வாங்கிய வீட்டில்தான் மற்ற நால்வரும் படித்தார்கள்.

குழந்தைகளின் நலனைப் பற்றிப் பேசும்போது வீட்டு வருமானத்தை மட்டும் எண்ணுகிறோம். கூரை யாருடையது என்பதும் பிள்ளையின் படிப்பை முடிவு செய்யும். துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது இது அவருக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த காலம். தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மாதம் பத்து வெள்ளி என்று அவர்களிடமே சேர்த்து, அடுத்த ஆண்டில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார். ஆனால் எங்கள் தாத்தாவின் தோட்டம் அப்படி வாங்கப்படவில்லை.

பள்ளியும் தோட்டத்துடையதாகத்தான் தொடங்கியது. 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொன்னது. பல இடங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகையாகவும், வாத்தியார் ஒரு கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்தார்கள். அதையும் மீறி அங்கிருந்து ஆட்கள் வந்தார்கள் என்பதுதான் வியப்பு. சுதந்திரத்தின்போது நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 520-க்குச் சற்று மேல். நெகிரி செம்பிலானில் அறுபது சொச்சம். அவற்றில் பலவற்றின் பெயரில் இன்னும் 'லாடாங்' ஒட்டிக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் தாமான் வந்துவிட்ட பிறகும்.

தாமான் என்றதும் எங்கள் அடுத்த நிறுத்தத்தைச் சொல்ல வேண்டும். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய்ப் பக்கம் வீடமைப்பு வந்தது. செனவாங்கில் தொழிற்பேட்டை வந்தது. எண்பதுகளில் தொழிற்சாலைப் பேருந்துகள் தோட்டத்துக்குள்ளேயே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போயின. அப்படி ஏறிப் போனவர்தான் சின்னம்மா. இப்போது செனவாங்கில் மலிவு விலை அடுக்குமாடியில் நாலாவது மாடி. லிஃப்ட் இல்லை. நாங்கள் போனபோது பத்து மணி. சின்னம்மாவின் மகன் இரவு ஷிப்ட் முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். மருமகள் காலை ஷிப்ட். ஏழு வயதுப் பேத்தி நாற்காலியில் காலை மடக்கிக்கொண்டு கைத்தொலைபேசியில் எதையோ பார்த்தபடி மேகி தின்றுகொண்டிருந்தாள். தூங்குகிற அப்பா எழுந்துவிடக் கூடாதென்று ஒலியைக் குறைத்து வைத்திருந்தாள், பாவம்.

இந்த வீட்டில் பட்டினி இல்லை. 2013-இல் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ஆகியிருக்கிறது, இருவர் சம்பாதிக்கிறார்கள், வீடு சொந்தம். பெரிய மாமாவுக்கு நடந்தது இந்தப் பிள்ளைக்கு நடக்காது. இருந்தும் சின்னம்மா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "நான் முட்டிவலியோட இங்க ஏறி இறங்கறேன். நான் இல்லன்னா இவள யாரு பாப்பா?"

கோலாலம்பூரின் இதே மாதிரி மலிவு விலை அடுக்குமாடிகளில் யூனிசெஃப் நடத்திய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்கள். அதே குடியிருப்புகளில் 23 விழுக்காடு குழந்தைகளுக்கு எடை அதிகம். ஒரே மாடிப்படியில் மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் இறங்கி வருகிறார்கள். இரண்டுக்கும் காரணம் வயிற்றை மலிவாக நிரப்பும் உணவு, சமைக்க ஆளும் நேரமும் இல்லாத வீடு. நாடு முழுவதும் பார்த்தாலும், 2022-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் வளர்ச்சி குன்றியவர்.

லயத்தைப் புகழ எனக்கு மனம் வராது. வாளித் தண்ணீரும் பொதுக் கழிப்பறையும் கள்ளுக்கடையும் இருந்த இடம் அது. ஆனால் அங்கே ஒரு பிள்ளை விழுந்தால் பத்து வாசலில் தலை எட்டிப் பார்க்கும். பெற்ற தாய் காட்டில் இருக்கும்போது கொட்டகையில் ஓர் ஆயா இருந்தார்; அதற்குத் தோட்டம் சம்பளம் கொடுத்தது. செனவாங்கின் தொழிற்சாலைகளும் தாயை இருட்டில்தான் அழைத்துக்கொள்கின்றன. அங்கே ஆயா மட்டும் இல்லை. தனியார் காப்பகம் இரவு ஷிப்டுக்குத் திறந்திருக்காது. திறந்திருந்தால் சம்பளத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். ஆகவே பாட்டிகள். முட்டிவலியோடு நாலு மாடி ஏறும் பாட்டிகள்தான் இன்று நம் ஆயாக் கொட்டகை.

ஒன்று மட்டும் அம்மாவின் காலத்தைவிட நிச்சயம் மேல். பேத்தியின் தமிழ்ப்பள்ளியில் காலைச் சாப்பாடு உண்டு. கூடுதல் உணவுத் திட்டம் 1979-இல் வந்தது; வசதி குறைந்த பிள்ளைகளுக்குச் சோறோ மீயோ முட்டையோ பாலோ கிடைக்கும். தமிழ்நாட்டில் 2022-இல்தான் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு வந்தது என்று செய்தியில் பார்த்தபோது, நாம் அதை எப்போதோ தொடங்கியிருக்கிறோம் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. "பள்ளி நாளுல கவலயில்ல, சனி ஞாயிறுதான் மேகி" என்றார் சின்னம்மா.

மதியம் திரும்பும் வழியில், அம்மா மறுபடியும் தோட்டத்துக்குள் போகச் சொன்னார். இப்போது வெயில். அவர் சொன்னது சரிதான், வேறு ஊராகத்தான் இருந்தது. லயத்து வீடுகளுக்குப் புதிய சாயம் அடித்திருந்தார்கள். கொடியில் ஆண்களின் உடைகள் மட்டும் காய்ந்தன. பாவாடை இல்லை, பள்ளிச் சீருடை இல்லை, ஏணைத் துணி இல்லை. வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் என்று வந்து குலை வெட்டுகிறவர்களுக்குக் கொடுக்கப்படும் வேலை அனுமதியில் மனைவி மக்களை அழைத்துவர இடமில்லை. தொழிலாளர் குடியிருப்புக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் அளவுகோல் வைக்க 1990-இல் 446-ஆம் சட்டம் வந்தது. இந்தத் தோட்டத்தில் காப்பகத்தில் போடக் குழந்தையே இல்லை.

ஒரு திண்ணையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். லோம்போக்காரர். திரையில் நாலைந்து வயதுப் பெண் குழந்தை, வாய் நிறையச் சோறு. அவள் பிறந்த பிறகு இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறாராம். அம்மா தன் தோட்டத்து மலாயில், அங்கே பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

"நெனெக்" என்றார் அவர். பாட்டி.

அம்மா தலையாட்டினார். என் சின்ன மகன் திரைக்கு முன்னால் போய் நின்று அந்தப் பிள்ளைக்குக் கையசைத்தான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் கையிலிருந்த வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டினாள்.