மலிவாய்க் கிடைத்த பயணச்சீட்டு

மேற்படிப்பு, மருத்துவம், வணிகம் எனப் பல காரணங்களுக்காக வடமாநிலங்களுக்கு விமானத்தில் செல்வது இன்று நம் இல்லங்களில் அபூர்வமன்று. ஆயினும், சீட்டு எடுக்கையில் நம்மில் பலர் செய்யும் பிழை ஒன்றுண்டு. அதை நானே செய்து பட்டவன் என்பதால் உங்களிடம் கூறுகிறேன்.

2019ஆம் ஆண்டு என் மூத்த மகளுக்கு அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலிருந்து சேர்க்கைக்கான அழைப்பு வந்தது. குறித்த நாளுக்குள் நேரில் செல்லாவிடில் இடம் பறிபோகும். நெல்லை வழியே டில்லி செல்லும் திருக்குறள் விரைவு வண்டி வாரம் இருமுறையே ஓடுவது, அதிலும் இடமில்லை. எனவே விமானத்தை நாடினேன்.

தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலைய ஓடுதளத்தின் நீளம் அன்று 1350 மீட்டர்தான். சிறு விமானங்களே இறங்க இயலும். டில்லி செல்வோர் வழியில் மாறியே ஆகவேண்டும். சென்னை வரை ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து வேறொரு நிறுவனத்திலும் தனித்தனியே சீட்டு எடுத்தால், இருவருக்குமாக நாலாயிரம் ரூபாய் மிச்சமாகும் எனக் கண்டேன். இடையே இரண்டு மணி நேரம் இருந்தது. போதுமென எண்ணினேன்.

புறப்படும் நாளில் முதல் விமானம் இரண்டரை மணி நேரம் தாமதமாயிற்று. சென்னையில் இறங்கியபோது டில்லி விமானம் போய்விட்டிருந்தது.

"உங்களைச் சென்னையில் சேர்ப்பதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது" என்றனர் முதல் நிறுவனத்தார்.

"நேரத்திற்கு வராதவர்களுக்கு நாங்கள் எதுவும் செய்வதற்கில்லை" என்றனர் அடுத்தவர்.

மறுநாள் காலை விமானத்திற்கு இருவருக்கும் இருபத்திரண்டாயிரம் ரூபாய். மதரஸா ஆசிரியனின் ஒன்றரை மாத ஊதியம் அது! இரவெல்லாம் நாற்காலியில் விழித்திருந்த மகள், "வாப்பா, ஊருக்கே திரும்பிடுவோமா?" என மெல்லக் கேட்டாள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கவேண்டும் என மாணவர்களுக்கு ஓதிக்கொடுப்பவன் நான். என் ஒட்டகத்தை நான் கட்டவில்லையே என்று வெட்கினேன். கடனாகப் பணம் பெற்றுச் சீட்டெடுத்தேன். இறுதி நாளின் பிற்பகலில்தான் அலிகரை அடைந்தோம். அல்லாஹ்வின் அருளால் இடம் கிடைத்தது.

அன்று கற்றவற்றைச் சொல்கிறேன். மாறிச் செல்லும் பயணமாயின் முழுவழிக்கும் ஒரே பதிவாகச் சீட்டெடுங்கள். முதல் விமானம் தாமதித்து அடுத்தது தவறினால், வேறு விமானத்தில் அனுப்பும் கடமை அப்போது அவர்களுடையது. தனித்தனியே எடுப்பதாயின், இரவில் முத்துநகர் விரைவு வண்டியேறிக் காலையில் சென்னை சேர்ந்து, மாலை விமானத்தில் செல்லுங்கள். செலவும் குறையும், அவகாசமும் இருக்கும். மதுரை, திருவனந்தபுரம் கட்டணங்களையும் ஒப்பிடுங்கள். ஆனால் அங்குச் செல்லும் வாடகைக் காரின் கூலியைக் கூட்டிப் பார்க்க மறவாதீர்கள். அனுமதித்த எடைக்கு மேலான பெட்டிக்கும் தனிக் கட்டணமுண்டு. நாள் நெருங்க நெருங்கப் பெரும்பாலும் விலை ஏறும்; தேதி தெரிந்ததும் எடுத்துவிடுவதே நலம்.

2025 ஜூலை 26 அன்று வாகைக்குளத்தில் புதிய முனையம் திறக்கப்பட்டது. ஓடுதளமும் 3115 மீட்டராக நீண்டு, பெரிய விமானங்கள் இறங்க வழி பிறந்துள்ளது. நம் பிள்ளைகளின் பயணங்கள் இன்னும் எளிதாகட்டும்.

என் மகள் பட்டம் பெற்றுவிட்டாள். வீட்டில் எவர் பயணம் கிளம்பினாலும் அவள் கேட்கும் முதற்கேள்வி, "ஒரே சீட்டுதானே வாப்பா?" என்பதுதான். நீங்களும் அக்கேள்வியை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.