அனுப்பம்பட்டில் ஒரு அஸ்தினாபுரம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற யூனிட் ரயிலில் ஏறி, மீஞ்சூர் தாண்டியதும் ஒரு கொட்டாவி விட்டீர்கள் என்றால் எங்கள் ஊர் போயே போய்விடும். அடுத்து பொன்னேரிதான். நடுவில் ஒரு நிமிஷம் நின்று, 'இங்கேயும் மனுஷங்க இருக்காங்களா?' என்று எட்டிப் பார்த்துவிட்டு ரயில் கிளம்பும் இடம்தான் அனுப்பம்பட்டு. எக்ஸ்பிரஸ் வண்டிகள் அந்த ஒரு நிமிஷ மரியாதையும் தருவதில்லை. ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு நான் மகாபாரதம் பார்த்த கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஒரே மகாபாரதத்தை இரண்டு தடவை.

அம்மா அடிக்கடி ஒரு பழைய பெருமை பேசுவாள். 1988-லிருந்து 1990 வரை தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பி.ஆர். சோப்ராவின் 'மகாபாரத்' ஓடிற்றே, 94 எபிசோடு, அதை ஒன்று விடாமல் பார்த்தவள் அவள். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. "தெரியணுமா என்ன? கதைதான் தெரியுமே! யார் அழறா, யார் அழ வைக்கிறான்னு மூஞ்சியப் பார்த்தா தெரியாதா?" என்பாள்.

என் மகாபாரதம் வேறு. 2013-ல் ஸ்டார் பிளஸ்ஸில் தொடங்கி, தமிழ் பேசிக்கொண்டு விஜய் டி.வி.யில் வந்தது. மொத்தம் 267 எபிசோடு. எனக்கு அப்போது 23 வயது. பி.காம். முடித்திருந்தேன். மற்றபடி எதையும் ஆரம்பிக்கவில்லை. காலையில் பொன்னேரி லைப்ரரியில் வேலைவாய்ப்புப் பக்கம், மத்தியானம் தூக்கம், ராத்திரி கர்ணன். என் திறமையை யாரும் மதிக்கவில்லை, பிறந்த இடம் சரியில்லை, சந்தர்ப்பம் அமையவில்லை என்று கர்ணன் சொல்லச் சொல்ல எனக்குக் கண் கலங்கும். நான் அர்ரியர் வைத்தது கூட பரசுராமர் சாபம் மாதிரி தோன்றிய காலம்.

பீஷ்மர் எனக்குத் தெய்வம். சகுனி பரம விரோதி. அவனுக்கும் மேலே ஒருத்தர் மேல் எனக்குக் கோபம். அவர் கதையில் வருவதே கொஞ்ச நேரம்தான். சத்தியவதியின் அப்பா, மீனவத் தலைவர் தாசராஜன்.

கதை உங்களுக்குத் தெரியும். யமுனையில் படகு ஓட்டும் பெண்ணைப் பார்த்து மயங்கி, சந்தனு மகாராஜா நேரே பெண் கேட்டு வந்துவிடுகிறார். வேறு அப்பாவாக இருந்தால் வலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் மாப்பிள்ளைக்கு விசிறுவார். இந்த மனுஷன், 'என் பெண்ணுக்குப் பிறக்கிற பிள்ளைதான் அடுத்த ராஜா. சம்மதமா?' என்கிறார். ராஜா ஏங்கிப் போகிறார். பிள்ளை தேவவிரதன் வந்து, 'எனக்கு ராஜ்யம் வேண்டாம்' என்கிறான். பெரியவர் அதற்கும் மசியவில்லை. 'நீ வேண்டாம் என்பாய், உன் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா?' அதற்குத்தான் அந்தப் பயங்கர சபதம், கல்யாணமே கிடையாது என்று. தேவவிரதன் பீஷ்மன் ஆனது அந்தப் படகுத் துறையில்தான்.

'இந்தாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் குருக்ஷேத்திரமே நடந்திருக்காதே!' என்பது என் தீர்ப்பு.

* * *

சரியாக அதே சமயத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு சுயம்வரம்.

அக்காவுக்கு 26 வயது. ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. நல்ல இடம், பையனும் பார்க்க நன்றாக இருந்தான். பஜ்ஜி, சொஜ்ஜி, காபி எல்லாம் முறைப்படி முடிந்து, பையனின் சித்தப்பா தாம்பூலத் தட்டைத் தேடுகிற நேரம். அப்பா தொண்டையைக் கனைத்தார். அவர் ஒரு கம்பெனியில் 30 வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ரசீது இல்லாமல் ஒரு போல்ட்டைக் கூட வெளியே விட்டதில்லை.

"ஒரே ஒரு விஷயம். கல்யாணத்துக்கப்புறம் எம் பொண்ணு வேலையை விட மாட்டா. அவ சம்பளம் அவ பேர்லயே பேங்க்ல இருக்கணும். வாயால சொன்னாப் போதாது. ஒரு இருபது ரூபா பத்திரத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டுடலாம்."

சித்தப்பா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் எழுந்துகொண்டார். "கல்யாணம் பேச வந்தோமா, டெண்டர் எடுக்க வந்தோமா?" செருப்பு மாட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஊர்ப் பேரிலேயே 'அனுப்பு' என்று இருக்கிறது. எங்கப்பாதான் பெண்ணை அனுப்பாமல் விட்டார் என்று சொந்தக்காரர்கள் ரொம்ப நாள் ஜோக் அடித்தார்கள்.

அன்று ராத்திரி டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நான் அப்பாவைப் பார்த்து, "நீங்க என்ன, சத்தியவதியோட அப்பாவா? இப்படிக் கண்டிஷன் போட்டே அவ வாழ்க்கையைக் கெடுக்கப் போறீங்க" என்றேன். பத்து பைசா சம்பாதிக்காத பிள்ளை பேசுகிற பேச்சு. அப்பா பதில் சொல்லவில்லை. எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். அது தண்ணீர் வருகிற நேரமே இல்லை.

* * *

இப்போது எனக்கு 35. என் பெண் இரண்டாம் வகுப்பு. போன கோடை லீவில் அவள் தொல்லை தாங்காமல் அதே மகாபாரதத்தை செல்போனில் முதல் எபிசோடிலிருந்து போட்டேன். அப்போதுதான் கவனித்தேன். ஆட்கள் அதே ஆட்கள்தான், நடிப்பு, நகை, நாற்காலி எல்லாம் அதேதான். ஆனால் எல்லாரும் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள்.

கர்ணனைப் பார்த்தேன். கண் கலங்கவில்லை. 'தம்பி, உன் கஷ்டம் புரியுது. அதுக்காக அன்னிக்கு சபையிலே அந்தப் பொண்ணை அப்படிப் பேசினியே?' என்று கேட்கத் தோன்றியது.

பீஷ்மர்? மூன்று தலைமுறைக்கு வேலை பார்த்தும் ராஜினாமா லெட்டர் எழுதத் தெரியாத சீனியர் ஆபீசர். மேனேஜ்மென்ட் செய்வது தப்பு என்று தெரியும், மீட்டிங்கில் தலையும் குனிவார், ஆனால் மறுநாள் காலையில் டாண் என்று டியூட்டிக்கு வந்துவிடுவார். இந்த மாதிரி இரண்டு பேரின் கீழ் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

திருதராஷ்டிரன்தான் என்னைப் பயமுறுத்தினான். பிள்ளை கேட்டதை மறுக்கத் தெரியாத அப்பா. என் பெண் மூன்றாவது ஐஸ்கிரீம் கேட்டு முடிப்பதற்குள் என் கை பர்ஸுக்குப் போய்விடுகிறது.

சகுனி! சூழ்ச்சி, கபடம், பகடை எல்லாம் இருக்கட்டும். அவனுக்கு மூலக் கோபம் என்ன? தங்கச்சியைக் கண் தெரியாத ஒருத்தருக்குக் கட்டி வைத்துவிட்டார்களே என்பதுதானே? அவன் செய்தது மகா பாவம்தான். ஆனாலும் ஒரு குத்தல். கூடப் பிறந்தவளுக்காக அவனுக்குக் கோபமாவது வந்தது. எனக்கு வந்த கோபம் எதற்கு? பஜ்ஜி வீணாய்ப் போனதற்கா?

* * *

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பழவேற்காடு கிளம்பினேன். பொன்னேரி போய் அங்கிருந்து பஸ். சுமார் இருபது கிலோமீட்டர். வயல் காட்டு வாசனை மெல்ல மெல்ல உப்பு வாசனையாக மாறுவதை மூக்கே சொல்லிவிடும்.

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, நமக்குத் தெற்கு முனைதான். எதிரே ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடுகிற நாளில் கடலுக்குப் போகாதே என்று இங்கே எச்சரிக்கை வந்துவிடும். சந்திரனுக்கு வழி திறக்கும் அன்றைக்கு மீன்காரருக்கு வழி அடைப்பு.

டச்சுக் கல்லறையைப் பார்த்தோம். வாசலிலேயே கல்லில் எலும்புக்கூடுகள் நின்று வரவேற்கின்றன. என் பெண் ஒன்றுக்கு 'ஹாய்' சொன்னாள். 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்களை எனக்குக் காலேஜிலிருந்தே பழக்கம். 1602-ல் தொடங்கிய அவர்கள் கம்பெனிதான் பொதுஜனத்துக்குப் பங்கு விற்று நடந்த ஆரம்பக் கம்பெனிகளில் முக்கியமானது. இங்கிருந்து துணி ஏற்றினார்கள், அடிமைகளாக மனிதர்களையும் ஏற்றினார்கள். கணக்கு மட்டும் சுத்தமாக எழுதினார்கள்.

கரைப் பக்கம் வந்தால் ஏலம் முடிகிற நேரம். இறால், நண்டு, மடவை என்று கூடை கூடையாய்ப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிழலில் பெரியவர் ஒருத்தர் கால் கட்டை விரலில் வலையை மாட்டிக்கொண்டு கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். என் பெண் நேரே அவரிடம் போனாள்.

"தாத்தா, நீங்க சத்தியவதி அப்பாவா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெரியவர் வலையிலிருந்து நிமிர்ந்து பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தார்.

"அந்த மகாபாரதமா? நானும் பார்த்தேன் பாப்பா. மொத்தக் கதைலயும் துட்டுக்கணக்கு தெரிஞ்சவரு எங்காளு ஒருத்தர்தான். ராஜா வாய் வார்த்தை கரையேறாதுன்னு அவருக்குத் தெரியும். இன்னிக்கு ஆசை, நாளைக்கு யார் நீன்னு கேட்டா அந்தப் பொண்ணு எங்க போவும்?"

அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர் கீப்பருக்கும் வலைக்காரருக்கும் சட்டென்று ஒட்டிக்கொண்டது.

பேச்சு 'பாடு' பக்கம் போனது. பழவேற்காட்டின் பழைய ஏற்பாடு அது. ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கேயே வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு உனக்கு நல்ல இடம் என்றால் நாளைக்கு எனக்கு. கம்பெனிச் சட்டம் படித்த எனக்கு, போர்டு மீட்டிங், மினிட்ஸ் புக் இல்லாமல் இவ்வளவு சுத்தமாக ஒரு பங்கு முறை நடக்க முடியுமா என்று ஆச்சரியம்.

"முகத்துவாரம் மணல் அடைச்சுக்கினா கடல் தண்ணி உள்ள வராது, இறால் குஞ்சும் வராது. அப்போ முறை இருந்தும் இன்னா பிரயோசனம்?" என்றார் பெரியவர்.

"பாடு யார் யாருக்குங்க உண்டு?" என்று கேட்டேன்.

"தலைக்கட்டு வழியா வரும் தம்பி. ஆம்பளப் பசங்களுக்கு."

"பொண்ணுங்களுக்கு?"

"பொண்ணுக்கு ஏது பாடு?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, ஊசியை நிறுத்தினார். "அந்தத் தாசராஜா கேட்டது கூட பேரனுக்குத்தானே? சிம்மாசனம் பேரனுக்கு. மவளுக்குன்னு இன்னா கேட்டாரு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

12 வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் கேட்டது பேரனுக்கு இல்லை. மகளுக்கு. அவள் வேலை, அவள் சம்பளம், அவள் பேர். அவரைப் போய்த் தாசராஜா என்றேனே, தாசராஜா பாவம், அவ்வளவு தூரம் யோசிக்கவேயில்லை. அவர் போட்ட ஒப்பந்தம் பக்காதான். ஆனால் ராஜாவான சத்தியவதியின் இரண்டு பிள்ளைகளும் வாரிசு இல்லாமல் போனார்கள். கடைசியில் வம்சத்தைக் காப்பாற்ற வந்தது அவள் கல்யாணத்துக்கு முன்னால் பெற்ற வியாசர். எந்தப் பத்திரத்திலும் வராத பிள்ளை.

"அப்பா," என்றாள் என் பெண். "எல்லாரும் பேசுறாங்க. ராஜா பேசுறாரு, தாத்தா பேசுறாரு, பீஷ்மர் பேசுறாரு. சத்தியவதிகிட்ட யாராச்சும் கேட்டாங்களா?"

பெரியவர் மறுபடி வலைக்குள் புகுந்துவிட்டார். நான் செல்போனை எடுத்தேன்.

அக்கா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாள். 31 வயதில், கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டாள். இன்னமும் வேலைக்குப் போகிறாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, அந்தப் பத்திர மாப்பிள்ளை ஞாபகம் இருக்கா? அன்னிக்கு உன்கிட்ட யாராவது ஏதாவது கேட்டோமா?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீதான் இப்பக் கேக்குற" என்றாள். பிறகு சொன்னாள். "எனக்கு அவரைப் பிடிச்சிருந்துதுடா. அப்பா போட்ட கண்டிஷனும் பிடிச்சிருந்தது. கேட்டிருந்தா ரெண்டையும் சொல்லியிருப்பேன். நானே பேசி முடிச்சிருந்தாலும் முடிச்சிருப்பேன்."

அப்பா போனை வாங்கினார். "ஏம்மா அன்னிக்கே சொல்லலை?"

"பஜ்ஜித் தட்டை உள்ள எடுத்துட்டுப் போன்னு சொன்னீங்கப்பா. எடுத்துட்டுப் போனேன்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அப்பாவும் சிரிக்க முயற்சி செய்தார். வரவில்லை. "சரிம்மா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை என்னிடம் கொடுத்தார். இந்தத் தடவை போய்ப் பார்க்கக் குழாயும் இல்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் ஓலைச் சாமான் கடை. பழவேற்காட்டுப் பெண்கள் பனை ஓலையில் பின்னுகிற கூடைகளும் பெட்டிகளும் கலர் கலராய் அடுக்கியிருந்தார்கள். நான் கைக்கு வந்த சிவப்புக் கூடையை எடுத்து, "இது நல்லாருக்கு, போடுங்கம்மா" என்றேன்.

"இருடா" என்றார் அப்பா. கீழே உட்கார்ந்து பேத்தியின் முகத்துக்கு நேரே கேட்டார். "உனக்கு எது வேணும்மா?"

கேட்டதுதான் தாமதம். அவள் மொத்தக் கடையையும் இறக்கிவிட்டாள். பச்சையா, மஞ்சளா, மூடி வைத்ததா, கைப்பிடி வைத்ததா... பொன்னேரி பஸ் வந்து, ஹாரன் அடித்து, எங்களை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது. அடுத்ததற்கு நேரமாகும் என்றாள் கடைக்கார அம்மா.

அப்பா அவசரப்படவில்லை. நானும்தான்.