உத்தனப்பள்ளியிலிருந்து கடலூர் மைதானம் வரை

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற ரோட்டில் இருக்கிறது எங்கள் உத்தனப்பள்ளி. சூளகிரிக்கு ஒரு பக்கம், கெலமங்கலத்துக்கு ஒரு பக்கம் என்று ரோடு பிரிகிற ஊர். கர்நாடகம் பக்கத்திலேயே இருப்பதால் கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்தே காதில் விழும். தக்காளியும் ராகியும் ரோஜாவும்தான் எங்கள் பிழைப்பு என்று இருந்தது. கூத்தனப்பள்ளி பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை வந்த பிறகு ஊரே மாறிவிட்டது. விடியற்காலையில் வாசல் தெளிக்க வந்தால் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னல் ஓரமெல்லாம் இளம் பெண்கள்! வெளி மாவட்டம், வெளி மாநிலம் என்று எங்கிருந்தோ வந்து, விடுதியில் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகள்.

"பாரு, எவ்வளவு தைரியசாலிப் பொண்ணுங்க!" என்று என் மாமியார் வாய் நிறையப் புகழ்வார். ஆனால் சொந்தப் பேத்தி விஷயம் வந்தபோது அந்த நியாயம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

என் சின்ன மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பையன்களோடு சேர்ந்து கால்பந்து ஆடுவாள். "நல்லா ஓடறா, விளையாட்டு விடுதித் தேர்வுக்கு அனுப்புங்க" என்று அவள் ஆசிரியை விண்ணப்பத்தைக் கொடுத்து அனுப்பினார். தேர்வானால் தங்குவது, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசு செலவு.

"கம்பெனிக்குப் போறவ சம்பளம் கொண்டாறா. பந்து உதைக்கிறவ என்னத்தைக் கொண்டாருவா? காலை ஒடிச்சுக்கிட்டுதான் வருவா!" என்றார் மாமியார். "அம்மாவும் நீயும் பேசி முடிவு பண்ணுங்க" என்று என் வீட்டுக்காரர் நழுவிவிட்டார்.

எனக்கும் பயம்தான், பொய் சொல்வானேன்? ஆனால் மனதுக்குள் ஒரு பழைய முள்ளும் இருந்தது. பத்தாவது படிக்கும்போது நான் கோ-கோ ஆடியவள். வெளியூர்ப் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு, "துணைக்கு யார் போவது?" என்ற ஒரே கேள்வியில் என்னை வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அன்று அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதது இன்னும் மறக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் கடலூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. மகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். விண்ணப்பம் என் கைப்பையிலேயே இருந்தது.

ராயக்கோட்டை வழியாகக் கிருஷ்ணகிரி, அங்கிருந்து ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை. மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ். திருக்கோவிலூரில் தென்பெண்ணை ஆற்றுப் பாலம் வந்ததும், "அம்மா, இது நம்ம ஓசூர் ஆறுதானே?" என்றாள் மகள். ஆமாம்! நந்தி மலையில் பிறந்து, கெலவரப்பள்ளி அணையைத் தாண்டி, கிருஷ்ணகிரி அணையை நிரப்பி, கடலூர்ப் பக்கம் போய்க் கடலில் சேருகிற அதே ஆறுதான். பண்ருட்டியில் மலைபோல் பலாப்பழம், நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரிகள். கடலூர் போய்ச் சேர்ந்தபோது இடுப்பு விட்டுப்போயிற்று.

விசேஷம் முடிந்த மறுநாள் அதிகாலை, நாத்தனார் மகன் எங்களை மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அண்ணா விளையாட்டரங்கத்துக்கு அழைத்துப் போனான். கால்பந்துப் பைத்தியம் அவன். பேப்பரில் வந்ததையெல்லாம் கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறான். "அத்தை, பொண்ணுங்க கால்பந்துன்னா தமிழ்நாட்டுல கடலூர்தான்" என்றான் பெருமையாக.

உண்மைதான். இந்திய அணியில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்ப் பெண். சந்தியா ரங்கநாதனும் இந்த மாவட்டத்துப் பெண்தான். மாரியப்பன் என்ற பயிற்சியாளர் இங்கே இந்திரா காந்தி விளையாட்டுக் கழகத்தில் வசதி இல்லாத வீட்டுப் பெண்கள் பலரை ஆட்டக்காரிகளாக ஆக்கியிருக்கிறார். 2018-ல் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியில், பல வருஷமாக அசைக்க முடியாதிருந்த மணிப்பூரை 2-1 என்று தோற்கடித்துத் தமிழ்நாடு முதல் முறையாகக் கோப்பை வாங்கியது. 2023-ல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று மறுபடியும் வாங்கியது.

மைதானத்தில் பெண்கள் வட்டமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். என் மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் நின்றாள். படிக்கட்டில் தூக்குவாளியோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். அவர் மகள் மாநில அணிக்கு ஆடியவளாம்.

"ஜெயிச்ச அன்னிக்கு மாலை போடறாங்க. மீதி நாள் எல்லாம் பெட்டி கட்டறதும் பிரிக்கறதும்தாங்க. ஒரு மாசம் கேம்ப், அப்புறம் ரயில்ல ரெண்டு நாள், மேட்ச், திரும்பி வந்தா துணி காயறதுக்குள்ள அடுத்த கேம்ப். தீபாவளிக்கு வீட்டுல இருந்தாளா இல்லையான்னு எண்ணித்தான் சொல்லணும்" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

மாநில அணிக்கே இப்படி என்றால் தேசிய அணிக்குக் கேட்க வேண்டுமா? முகாமில் காலையும் மாலையும் பயிற்சி. அளந்த சாப்பாடு, அளந்த தூக்கம். இந்தியப் பெண்கள் லீக் போட்டி முன்பெல்லாம் ஒரே ஊரில் நடந்து முடிந்துவிடுமாம். 2023-24 முதல் சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி நடப்பதால் பயணம் இன்னும் கூடிவிட்டது. 2021 நவம்பரில் நம் பெண்கள் பிரேசில் நாட்டு மனாஸ் வரை போனார்கள். அமேசான் காட்டு நடுவில் இருக்கும் ஊர்! பிரேசிலிடம் 6-1 என்று தோற்றாலும், மனிஷா கல்யாண் போட்ட அந்த ஒரு கோலை இன்றும் பேசுகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பிழைப்பும் வேண்டுமே! இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, பந்தைத் தொட்ட பெண் சென்னை ரோட்டில் வெயிலில் நின்று வண்டிகளை நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தார். விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு நம் மாநிலத்தில் உண்டு. "என்னத்தைக் கொண்டாருவா?" என்ற என் மாமியாரின் கேள்விக்கு இது ஒரு பதில்.

ஆனால் உழைத்தவர்களுக்கெல்லாம் பலன் கிடைத்துவிடுகிறதா? 2022 ஜனவரியில் நம் நாட்டிலேயே, நவி மும்பையில், ஆசியக் கோப்பை நடந்தது. மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து பயிற்சி செய்திருந்தார்கள். ஈரானோடு ஒரே ஓர் ஆட்டம், அதுவும் கோல் இல்லாமல் முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்குள் முகாமில் கொரோனா பரவி, களம் இறங்க 13 பேர்கூடத் தேறவில்லை. போட்டியிலிருந்தே விலக வேண்டியதாயிற்று. உலகக் கோப்பைக் கனவும் அதோடு போயிற்று. அந்தப் பெண்கள் பெட்டி கட்டிக்கொண்டு வீடு திரும்பியபோது அவரவர் அம்மா என்ன சொல்லித் தேற்றியிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். மூன்றரை வருஷம் கழித்து, 2025 ஜூலையில், தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதிச் சுற்றில் ஜெயித்தே இடம் பிடித்தார்கள். நம் பெண்கள் தகுதிச் சுற்று வழியாக நுழைந்தது அதுதான் முதல் தடவை.

காலில் அடிபடுமே என்ற பயத்தையும் அந்த அம்மாளிடமே கேட்டேன். "படும். சும்மா சொல்லக் கூடாது" என்றார். முழங்கால் ஜவ்வுக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. ஆட்டத்துக்கு முன்னால் கால்மணி நேரம் முறையாக உடம்பைச் சூடேற்றும் பயிற்சி செய்தால் அது நன்றாகக் குறையுமாம். அவர் சொன்ன மற்ற விஷயங்கள் விளையாடாத பெண் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்:

காலையில் வெறும் வயிற்றோடு மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். ஒரு வாழைப்பழமாவது கொடுங்கள். ராகி, முருங்கைக்கீரை, பயறு வாரத்தில் பல நாள் இருக்கட்டும். சாப்பாட்டோடு காபி, டீ வேண்டாம், இரும்புச் சத்து உடம்பில் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் நல்லது. மாதவிலக்குத் தேதியைக் குறித்து வைக்கப் பழக்குங்கள். இரண்டு மூன்று மாதம் வராமல் நின்றால், "ஓடுறதால்தான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அளவான ஷூ முக்கியம். அக்காவின் பழைய ஷூ ஆகாது.

ஊர் திரும்பிய அன்று இரவு எல்லாவற்றையும் மாமியாரிடம் சொன்னேன். கடைசியில், "அத்தை, கம்பெனிப் பிள்ளைங்களும் யாரோ ஒரு அம்மா அனுப்பினதாலதானே இங்க வந்திருக்காங்க?" என்றேன். பதில் இல்லை. எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். கம்பெனி பஸ் போயிற்று. மாமியார் திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "விடுதியில ராகிக் களி போடுவாங்களாமா?" என்றார் மெல்ல.

விண்ணப்பத்தில் அன்றே கையெழுத்துப் போட்டேன். தேர்வு அடுத்த மாதம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நூறு பேர் வருகிற இடத்தில் நம் பிள்ளைதான் என்று எப்படிச் சொல்வது? ஆனால் "துணைக்கு யார் போவது?" என்ற கேள்வி மட்டும் இந்த முறை எங்கள் வீட்டில் எழவில்லை. நான்தான் போகிறேன்.