பாதிப் பாதி எங்கே செல்லும்?

இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நடுவில் ஒன்றைப் பிடித்து முடித்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். பல சமயம் அது நல்லபடியாகவே முடியும். சில சமயம் மட்டும் அந்த நடு, இரண்டு யோசனைகளையும் விட மோசமாகப் போய்விடும். எங்கே சரிவரும், எங்கே வராது என்று பார்க்கக் கணக்கில் ஒரு விதி உண்டு. எங்கள் குடும்பத்தில் நடந்ததை வைத்தே அதைச் சொல்லிப் பார்க்கிறேன். கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

அப்பா காலமான மறு வருஷம் பழைய வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. அம்மா தன் பங்கை எங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டாள். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். வீட்டை அண்ணன் எடுத்துக்கொண்டு இடித்துக் கட்டுவது, எனக்கும் தங்கைக்கும் பணம் தருவது என்று ஏற்பாடு. விலையில்தான் இழுபறி. அண்ணன் 30 லட்சம் என்றார். நான் 36 என்றேன். தங்கை 48 என்றாள்.

பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு வர்க்கம் என்பது ‘காரே’. லெஜாந்தர் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1805இல் வால்நட்சத்திரங்களின் பாதையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் பின்னிணைப்பில் ‘மேதோத் தே முவாந்த்ர் காரே’, அதாவது மிகச் சிறிய வர்க்கங்களின் முறை, வருகிறது. பல அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராதபோது, ஒவ்வொன்றும் எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகலை வர்க்கமாக்கிக் கூட்டு. கூட்டுத்தொகை எங்கே மிகக் குறைவோ அதை எடுத்துக்கொள். முறை அவ்வளவுதான்.

ஏன் வர்க்கம்? 5 லட்சம் விட்டுக்கொடுத்தவரின் மனக்குறையை 25 என்று வைத்தால், 10 லட்சம் விட்டுக்கொடுத்தவரின் குறை 100 ஆகிறது. தொகை இரண்டு மடங்கு, வருத்தம் நான்கு மடங்கு. குடும்பத்தில் நடப்பதும் அப்படித்தானே! யாரோ ஒருவர் தலையில் மொத்தச் சுமையும் விழாமல் வர்க்கம் பார்த்துக்கொள்கிறது.

ஒரு பழைய கவரின் பின்புறத்தில் போட்டுப் பார்த்தேன். என் விலையான 36இல் நின்றால் 36, 0, 144, மொத்தம் 180. மூன்றின் சராசரியான 38இல் நின்றால் 64, 4, 100, மொத்தம் 168. இதற்குக் கீழே போகவே முடியாது. 38ஐ விட்டு எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தாலும், நகர்ந்த தூரத்தின் வர்க்கத்தைப் போல மூன்று மடங்கு கூடிவிடும். படம் வரைந்தால் ஒரு கிண்ணம் மாதிரி இருக்கும். அடி ஒன்றுதான்.

கிண்ணத்துக்கு இன்னொரு குணம் உண்டு. 34 என்று ஒருவர் பிடிவாதம், 42 என்று இன்னொருவர் பிடிவாதம் என்று வையுங்கள். இரண்டுக்கும் குறை 216. நடுவில் உள்ள 38க்கு 168தான். கிண்ணத்தில் எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும், அவற்றின் நடுவிடத்தின் உயரம் அந்த இரண்டு உயரங்களின் சராசரியைத் தாண்டாது. இதையே இலக்கணமாக வைத்து 1906இல் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த யென்சன். அவர் பேராசிரியர் இல்லை, கோபன்ஹேகனில் டெலிபோன் கம்பெனி உத்தியோகஸ்தர். ஆபீஸ் வேலை பார்த்த எனக்கு அதில் ஒரு தனி சந்தோஷம்.

விலை 38இல் முடிந்தது. அடுத்த பேச்சு அம்மாவைப் பற்றி.

என் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு முட்டி வலி. ஆகவே புதுச்சேரியில் அண்ணன் வீடு, இல்லாவிட்டால் காரைக்காலில் தங்கை வீடு. இருவருமே மனசாரக் கூப்பிட்டார்கள். விலைக்குச் சொன்ன அதே வழியை அண்ணன் இதற்கும் சொன்னார்: “ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் அங்க.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

இங்கே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று அம்மாவின் படுக்கை. அதை ‘ப’ என்போம். இன்னொன்று அவளுடைய வழக்கங்கள்: டாக்டர், கோயில், பேச்சுத்துணை. அது ‘வ’. முழுக்கப் புதுச்சேரி என்றால் 1, முழுக்கக் காரைக்கால் என்றால் கழித்தல் 1, பாதிப் பாதி என்றால் 0. சிரமத்தை இப்படி எழுதலாம்: ப வர்க்கம், கூட்டல் வ வர்க்கம், கழித்தல் 4 × ப × வ. இது நான் அளந்து எடுத்த எண் இல்லை, வடிவத்தைக் காட்ட வைத்தது. இந்த மாதிரிக் கோவைக்கு இருபடி வடிவம் என்று பெயர்.

இரண்டும் புதுச்சேரியில் என்றால் 1 + 1 − 4, அதாவது கழித்தல் 2. இரண்டும் காரைக்காலில் என்றாலும் கழித்தல் 2. படுக்கை ஓர் ஊர், டாக்டர் வேறு ஊர் என்றால் 1 + 1 + 4, சிரமம் 6. பாதிப் பாதிக்கு 0. இரண்டு முனைகளும் தாழ்வாக இருக்க, நடு மேடாக நிற்கிறது. இது கிண்ணம் இல்லை, குதிரைச் சேணம். ஒரு பக்கம் பார்த்தால் பள்ளம், குறுக்கே பார்த்தால் மேடு.

கிண்ணமா சேணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எண்களை இரண்டு வரி, இரண்டு பத்தியில் கட்டமாக எழுதுவார்கள். அதற்கு அணி என்று பெயர், மாட்ரிக்ஸ் என்றும் சொல்வார்கள். ப வர்க்கத்தின் எண்ணும் வ வர்க்கத்தின் எண்ணும் மூலைவிட்டத்தில் உட்காரும். இரண்டும் சேர்ந்து வரும் எண்ணைப் பாதியாக்கி மற்ற இரண்டு இடங்களில் போடுவார்கள். மூலைவிட்ட எண்கள் பூஜ்யத்துக்கு மேல் இருந்து, அவற்றின் பெருக்கல் அந்தப் பாதியின் வர்க்கத்தை விடப் பெரிதாக இருந்தால் கிண்ணம். இங்கே 1 × 1 = 1. நாலில் பாதி 2, அதன் வர்க்கம் 4. ஒன்று நாலை விடச் சிறிது. சேணம்தான். நாலுக்குப் பதில் 1 இருந்திருந்தால் பாதியின் வர்க்கம் கால். அப்போது கிண்ணம், பாதிப் பாதியும் செல்லும்.

கவனிக்க வேண்டியது இதுதான். ப-வை மட்டும் தனியாகப் பார்த்தால் அது கிண்ணம். வ-வை மட்டும் பார்த்தாலும் கிண்ணம். தனித்தனி ஃபைலாகப் பார்த்தால் இரண்டிலும் ஆட்சேபணை இல்லை. இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் வில்லங்கம் தெரியும். ஒன்றை ஒன்று எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அன்று இந்தக் கணக்கெல்லாம் யாரும் போடவில்லை. பின்னால் யோசித்தபோது எனக்குத் தோன்றியது இது. அன்று தீர்ப்புச் சொன்னவள் அம்மா. “வீட்டுக்கு வெல பேசினீங்க, சரி. என்னை ஆறு மாசத்துக்கு ஒரு தரம் மூட்டை கட்டச் சொல்லாதீங்கடா. மூணு மணி நேரத்துக்கு மேல பஸ்ல உக்காந்து போயி, புது டாக்டருக்கு முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லணும். எங்கயாவது ஒரு எடத்துல இருக்கேன்.”

எந்த ஊர் என்று கணக்கும் சொல்லாது. இரண்டு பள்ளமும் ஒரே ஆழம். அதையும் அவளையே கேட்டோம். காரைக்கால் என்றாள். அண்ணனுக்கு வருத்தம்தான். ஆனாலும் மாதம் தவறாமல் அவரே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அம்மா அங்கே ஆறு வருஷம் இருந்தாள், ஒரே டாக்டர், ஒரே கோயில், ஒரே திண்ணை என்று.