எழுபதாயிரமா, ஒன்றரை லட்சமா? ஒரு கேமிங் லேப்டாப் கணக்கு

"கேமிங் லேப்டாப் வாங்கப் போறேன்" என்று வாயைத் திறந்தால் போதும், நம்ம ஊரில் அறிவுரை இலவசம். "வாங்கினா நல்லதா வாங்கு, சீப்பா வாங்கினா ரெண்டே வருஷத்துல தூக்கிப் போடணும்" என்பது ஒரு கட்சி. "படிக்கிற பையனுக்கு எதுக்குடா கேம்ஸ்?" என்பது இன்னொரு கட்சி. (இரண்டாவது கட்சிக்கு எங்கள் தெருவில் கிளை அலுவலகமே உண்டு!) இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு மாதமாக நான் போட்ட கணக்கு இது. என்னைப் போல யோசித்துக் கொண்டிருப்பவர் யாருக்காவது உதவலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் என் நிலவரம். வீடு அரியமங்கலத்தில். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. அப்பா திருவெறும்பூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். தங்கச்சி அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள். எனக்கு மாடியில் ஷீட் போட்ட ரூம். ஃபேன் உண்டு, ஏசி கிடையாது. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நான் கேம் விளையாட ஆரம்பித்தது அரசாங்க லேப்டாப்பில். 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. பெரியப்பா மகனுக்குப் பள்ளியில் கிடைத்த ஒன்று, அவர் வேலைக்குப் போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தது. 2 ஜிபி ரேம்தான். ஆனால் ஜிடிஏ வைஸ் சிட்டி அதில் பறக்கும். 2002-ல் வந்த அந்த விளையாட்டு குறைந்தபட்சம் கேட்டது 128 எம்பி ரேம், 32 எம்பி கிராபிக்ஸ் கார்டு, அவ்வளவே. இன்று கவுன்டர் ஸ்ட்ரைக் 2 நிறுவ மட்டும் 85 ஜிபி இடம் வேண்டும்.

எல்லா விளையாட்டும் அப்படி என்று நினைத்துவிட வேண்டாம். 2023-ல் வெளிவந்த 'வெண்பா' என்ற விளையாட்டு, கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. இட்லி, புட்டு, பிரியாணி என்று சமைத்துக் கொண்டே போக வேண்டும். அடுத்த ஆண்டு பாஃப்டா விருதே வாங்கியது. அதை விளையாட கேமிங் லேப்டாப்பே தேவையில்லை, சாதாரண லேப்டாப் போதும். ஆகவே 'என்ன விளையாடப் போகிறோம்' என்பதுதான் முதல் கேள்வி. என் பட்டியலில் சைபர்பங்க் 2077, எல்டன் ரிங் மாதிரி ஆசாமிகள் இருந்தார்கள். கூடவே படிப்புக்கு சாலிட்ஒர்க்ஸ். எனவே தனி கிராபிக்ஸ் சிப் கட்டாயம்.

தில்லைநகர் பக்கம் கடைகளில் ஏறி இறங்கியதில் கடைசியாக இரண்டு நின்றன.

ஒன்று: எழுபதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். தடிமனான பிளாஸ்டிக் உடம்பு, 15.6 அங்குல சுமாரான திரை, ஆர்டிஎக்ஸ் 4050.

இன்னொன்று: ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். மெல்லிய அலுமினிய உடம்பு, ஓலெட் திரை, ஆர்டிஎக்ஸ் 4060. கையில் எடுத்தால் கீழே வைக்க மனசு வராது.

4060 பெரிய நம்பர், எனவே அது உயர்ந்தது என்றுதான் நானும் கடைக்காரரும் பேசிக் கொண்டிருந்தோம். அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "இது ஃபுல் லோடுல எவ்வளவு நேரம் ஓடும்?"

கடைக்காரர் உடனே, "பேட்டரி எட்டு மணி நேரம் நிக்கும் சார்" என்றார்.

"பேட்டரி கேக்கல தம்பி. கரண்ட்ல போட்டு ஃபுல்லா ஓட்டினா, சூடாகிக் குறையாம எவ்வளவு நேரம் ஓடும்?"

கடைக்காரரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அப்பா கேட்டது வெல்டர்களின் கேள்வி. திருச்சி வெல்டிங் ஊர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெல் பாய்லர் ஆலை, அதைச் சுற்றிச் சின்னதும் பெரிதுமாகப் பட்டறைகள், பெல் வளாகத்திலேயே 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம். இந்தப் பக்கம் யார் வெல்டிங் செட் வாங்கினாலும் ஆம்பியரை மட்டும் பார்க்க மாட்டார்கள், 'டியூட்டி சைக்கிள்' பார்ப்பார்கள். செட்டின் தகட்டில் '200 ஆம்பியர், 60%' என்று இருந்தால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் 200 ஆம்பியரில் ஓட்டலாம், நாலு நிமிடம் ஆற விட வேண்டும். நிறுத்தாமல் ஓட்ட வேண்டுமானால் அதே செட் சுமார் 155 ஆம்பியர்தான் தரும். அந்த 60 சதவீதத்தை எந்த வெப்பநிலையில் கணக்கிடுகிறார்கள் தெரியுமா? சர்வதேசத் தரத்தின்படி, சுற்றியுள்ள காற்று 40 டிகிரி இருக்கும்போது.

லேப்டாப்புக்கு இப்படி ஒரு தகடு கிடையாது. ஆனால் அதற்குப் பக்கத்தில் வரும் ஒரு எண் உண்டு: வாட். கிராபிக்ஸ் சிப்புக்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுக்கிறார்கள் என்ற கணக்கு. லேப்டாப்பில் வரும் 4050, 4060 இரண்டுக்குமே என்விடியா சொல்லும் வரம்பு 35-லிருந்து 115 வாட் வரை. அதற்குள் எவ்வளவு என்பதை லேப்டாப் கம்பெனி முடிவு செய்கிறது. அதாவது ஒரே பெயர் கொண்ட சிப், ஒரு லேப்டாப்பில் 115 வாட்டில் ஓடும், இன்னொன்றில் அதில் பாதியில் ஓடும். ஸ்டிக்கர் இரண்டிலும் ஒன்றுதான்!

வீட்டுக்கு வந்து இரண்டின் விவரப் பட்டியலையும் தேடினேன். தடியன் 4050-க்கு 100 வாட்டுக்கு மேல் கொடுக்கிறான். ஒல்லியன் 4060-க்கு 65 வாட் மட்டுமே. 4060-ல் 3072 கோர்கள், 4050-ல் 2560. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்தான், ஆனால் மின்சாரத்தைக் குறைத்தால் அந்த வித்தியாசம் சுருங்கி விடுகிறது. 8 ஜிபி கிராபிக்ஸ் மெமரி (4050-ல் 6 ஜிபி) என்பது மட்டும் 4060-க்கு உண்மையான சாதகம். அதை மறைக்க விரும்பவில்லை.

இப்போது அந்த ஷீட் ரூம் கதைக்கு வருவோம். சிப் சுமார் 95 டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். வெப்பம் வெளியேறும் அளவு, சிப்புக்கும் காற்றுக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தைப் பொறுத்தது (ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்துக்கு முதல் முறையாக ஒரு பயன்!). 25 டிகிரி ஏசி ரூமில் வித்தியாசம் 70. மே மாதம் மதியம் 40 டிகிரியில் வித்தியாசம் 55. அதே ஃபேன், அதே செம்புக் குழாய், ஆனால் வெளியேறும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். யூட்யூபில் ஏசி ரூமில் உட்கார்ந்து ஒருவர் காட்டும் எஃப்பிஎஸ், திருச்சியில் ஏப்ரல், மே மாதத்தில் நமக்குக் கிடைக்காது. ஃபேனுக்கும் தகடுக்கும் இடமே இல்லாத ஒல்லியான உடம்புக்கு இந்த அடி இன்னும் பலமாக விழும்.

அடுத்தது தூசி. ஒரு பக்கம் தஞ்சாவூர் சாலை லாரிகள். இன்னொரு பக்கம் பல பத்தாண்டுகளாக மாநகராட்சி குப்பை கொட்டிய சுமார் 47 ஏக்கர் கிடங்கு. பழைய குப்பையைப் பிரித்து அகற்றும் வேலை சில வருடங்களுக்கு முன் தொடங்கியது. ஆனாலும் வெயில் காலத்தில் தீப்பிடித்து எத்தனை முறை புகையைத் தின்றிருக்கிறோம் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் இறக்கை மாதம் ஒருமுறை கறுத்துவிடும். லேப்டாப் ஃபேனும் அப்படித்தானே? எனவே பின் மூடியைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரில் கழற்றித் துடைக்க முடிகிறதா என்பது எனக்கு ஓலெட் திரையை விட முக்கியமாகப் பட்டது.

விலை கூடிய லேப்டாப் ஏமாற்று வேலை என்று சொல்ல வரவில்லை. அந்தத் திரையில் நிறம் நிஜமாகவே வேறு. மலிவு லேப்டாப்புகளில் பலவும் '45% என்டிஎஸ்சி' திரையோடுதான் வருகின்றன, சிவப்பு கூட வெளுத்துத் தெரியும். வீடியோ எடிட்டிங், டிசைன் செய்பவர்கள் அதில் வேலை பார்க்க முடியாது. ஹாஸ்டலுக்கும் ஊருக்கும் தினமும் தூக்கிக் கொண்டு அலைபவர்களுக்கு எடை குறைவதும் பேட்டரி நிற்பதும் பெரிய விஷயம். அவர்கள் கூடுதல் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு. எனக்கு லேப்டாப் மேசையை விட்டு நகராது.

கடைசியாகக் காசு. "நோ காஸ்ட் இஎம்ஐ போட்டுக்கலாம் சார்" என்றார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டி விலைக்குள் ஒளித்து விடுகிறார்கள், பிராசஸிங் கட்டணம் தனி. அம்மா "செயினை வச்சு எடுத்துக்கலாம்" என்றார். அப்பா "உனக்கு எது வேணுமோ அதை எடுடா" என்று மட்டும் சொன்னார். அப்படிச் சொல்பவர்களிடம்தான் விலை கேட்கக் கஷ்டமாக இருக்கிறது. ஏனென்றால் அப்பா மூன்று வருடமாகச் சொந்தமாக ஒரு ஆர்கான் செட் வாங்கப் பார்க்கிறார். அது இருந்தால் சாயங்காலம் எஸ்எஸ் கேட், கைப்பிடி வேலைகளைத் தானே எடுத்துச் செய்யலாம். இரண்டு லேப்டாப்புக்கும் இடையிலான எண்பதாயிரத்தில் அந்த செட்டும் அடங்கும், தங்கச்சியின் முதல் வருடச் செலவில் ஒரு பகுதியும் அடங்கும்.

தடியனையே எடுத்தேன். மார்ச்சில் வாங்கியது. வாங்கும்போது நான் பார்த்தவை:

1. கிராபிக்ஸ் சிப்பின் பெயரோடு வாட் எத்தனை? கடையில் தெரியாவிட்டால் கம்பெனி தளத்தில் பார்க்கவும்.
2. ரேம் 16 ஜிபி, இரண்டு துண்டாக. ஒரே துண்டாக இருந்தால் வேகம் குறையும். ரேம் விலை 2025 கடைசியிலிருந்து ஏறிவிட்டதால் 'அப்புறம் போட்டுக்கலாம்' என்று விடாதீர்கள்.
3. இன்னொரு எஸ்எஸ்டி போட இடம் உண்டா?
4. சர்வீஸ் சென்டர் திருச்சியிலேயே உண்டா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா?
5. பின் மூடியை நாமே திறந்து தூசி துடைத்தால் வாரண்டி போகுமா?

கரண்ட் பில் பற்றியும் அம்மாவுக்குப் பயம் இருந்தது. 180 வாட் என்று வைத்து, தினம் மூன்று மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட். இலவசமாக வரும் 100 யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கு. (தினம் மூன்று மணி நேரமா என்று அம்மா திருப்பிக் கேட்டது தனிக்கதை.)

அக்னி நட்சத்திரத்தில் ஒரு மதியம் அப்பாவின் கேள்விக்கு விடை பார்த்தேன். பின்பக்கம் இரண்டு பாட்டில் மூடியை முட்டுக் கொடுத்து, சைபர்பங்க் போட்டேன். முதல் ஐந்து நிமிடம் 78 எஃப்பிஎஸ். அரை மணி நேரம் கழித்து 69. இப்போது 60-க்கு மேல் போகாமல் பூட்டு போட்டு வைத்திருக்கிறேன். ஃபேன் சத்தம் குறைந்தது, கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அப்பாவிடம் இதைச் சொன்னபோது "அப்போ நூறு பர்சென்ட் டியூட்டிக்கு அறுபது" என்று தகடு எழுதுவது போலச் சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார். ஆர்கான் செட் ஜூனில் வந்தது.

நீங்கள் வாங்கப் போவதாக இருந்தால் கடையில் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: ஃபுல் லோடில், நம்ம ஊர் வெயிலில், எவ்வளவு நேரம்? யாராவது சரியாகப் பதில் சொன்னால் அந்தக் கடைக்காரரிடமே வாங்குங்கள்.